எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டோம்: ஃபிராங்க்ஃபர்ட் எரித்திரியர்களின் கொள்கைப் பிரகடனம்

மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் எரித்திரியர்களாகிய நாங்கள் இன்று ஒரு சங்கம் காண்கிறோம். புதிதாக வந்து இறங்கும் எங்கள் மக்களுக்குத் துணை நிற்பது ஒரு வேலை. எங்கள் மொழிகளையும் வழக்கங்களையும் இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஒப்படைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் பிரித்துச் செய்ய முடியாது என்று நம்புகிறோம். ஏன் அப்படி நம்புகிறோம், எதைச் செய்வோம், எதைச் செய்யவே மாட்டோம் என்பதை இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

நாங்கள் எல்லோரும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக வந்தவர்கள் அல்லர். எங்களில் மூத்தவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தார்கள். 1952இல் ஐ.நா. ஏற்பாட்டின்படி எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாகச் சேர்க்கப்பட்ட எங்கள் நாட்டை, 1962இல் பேரரசர் ஹைலே செலாசி தன் மாகாணங்களில் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டே, 1961 செப்டம்பர் 1 அன்று, ஹாமித் இத்ரிஸ் அவாதே அதால் மலையில் விடுதலைப் போரைத் தொடங்கிவிட்டார். முப்பது ஆண்டு நடந்த அந்தப் போரின் குண்டுவீச்சுக்கும், பேரரசருக்குப் பிறகு வந்த தெர்க் இராணுவ ஆட்சியின் சிறைகளுக்கும் தப்பி, சூடான் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர்கள் எங்கள் மூத்தவர்கள். தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் துப்புரவு வேலையிலும் சம்பாதித்ததில் ஒரு பங்கைப் போராட்டத்துக்கு அனுப்பினார்கள். கோடை வந்தால் பிள்ளைகளோடு ரயிலேறி இத்தாலியின் பொலோஞ்ஞா நகருக்குப் போவார்கள். 1974 முதல் 1991 வரை ஆண்டுதோறும் ஐரோப்பாவின் எரித்திரியர்கள் கூடிய விழா அது. 1991 மே 24 அன்று போராளிகள் தலைநகர் அஸ்மராவுக்குள் நுழைந்தார்கள். 1993 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஜெர்மனியில் இருந்தபடியே வாக்களித்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 99.8 சதவீதம் பேர் விடுதலைக்கு ஆம் என்றார்கள். அந்த ‘ஆம்’ எங்கள் மூத்தவர்களின் வாழ்நாள் பேறு. அதை யாரும் கொச்சைப்படுத்த இந்தச் சங்கத்தில் இடமில்லை.

எங்களில் இளையவர்கள் அந்த விடுதலை பெற்ற நாட்டிலிருந்தே தப்பி வந்தவர்கள். 1995இல் வந்த சட்டம் தேசிய சேவை பதினெட்டு மாதம் என்றது. 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவோடு நடந்த எல்லைப் போருக்குப் பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பைச் சாவா இராணுவ முகாமில்தான் படித்தாக வேண்டும். அங்கிருந்து பத்து, பதினைந்து ஆண்டு சொற்பச் சம்பளத்தில் சேவை. அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போவது குற்றம். 1997இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சீர்திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதிய பதினைந்து மூத்த தலைவர்களில் 11 பேர் 2001 செப்டம்பரில் கைது செய்யப்பட்டார்கள். தனியார் பத்திரிகைகள் மூடப்பட்டன, பத்திரிகையாளர்கள் சிறைக்குப் போனார்கள். இன்றுவரை அவர்களுக்கு விசாரணை நடக்கவில்லை. இப்படிப்பட்ட நாட்டிலிருந்து இரவில் எல்லை தாண்டி, சூடானின் கசலா வழியாகவோ எத்தியோப்பியாவின் திக்ராய் முகாம்கள் வழியாகவோ லிபியாவுக்குப் போய், கடல் கடந்து வந்தவர்கள் எங்கள் இளையவர்கள். 2014இல் மட்டும் ஜெர்மனியில் 13,000க்கு மேற்பட்ட எரித்திரியர்கள் புகலிடம் கேட்டார்கள்.

ஆக, ஒரே மண்டபத்தில் இரண்டு நினைவுகள் உட்கார்ந்திருக்கின்றன. மூத்தவருக்கு ‘அரசு’ என்றால் ரத்தம் சிந்திப் பெற்றது. இளையவருக்கு அது தன் இளமையைப் பறித்தது. கொடிகூட ஒன்றாயில்லை. 1993இல் ஏற்றிய பச்சை, சிவப்பு, நீலக் கொடியைச் சிலர் நெஞ்சில் குத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் 1952இன் வெளிர்நீலக் கொடியை, நடுவில் ஒலிவ இலை உள்ளதை, தோளில் போர்த்திக்கொள்கிறார்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கீஸென் நகரில், எரித்திரிய அரசு ஆதரவு விழா நடத்தியவர்களும் எதிர்த்தவர்களும் மோதிக்கொண்டதை உலகமே பார்த்தது. அதே 2023இல் ஸ்டாக்ஹோம், டொராண்டோ, டெல் அவிவ், ஸ்டுட்கார்ட் என்று மோதல் ஊர் ஊராகப் பரவியது. சாவாவிலிருந்து ஓடி வந்த ஒருவனால், தன்னை அடித்த அதிகாரியைப் புகழும் பாட்டை ஐரோப்பாவிலும் கேட்டுச் சகித்துக்கொள்ள முடியாது. அந்த வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் கல்லை எடுத்ததை நாங்கள் நியாயப்படுத்த மாட்டோம். அந்தக் கோடைக்குப் பிறகு வேலைக்கு விண்ணப்பித்த எங்கள் பிள்ளைகளிடமும், வாடகைக்கு வீடு தேடிய குடும்பங்களிடமும் ‘கீஸெனில் நடந்ததே, அந்த ஆட்களா நீங்கள்?’ என்று கேட்டார்கள்.

அதே கீஸெனில்தான் ஹெஸ்ஸன் மாநிலத்தின் முதல் வரவேற்பு முகாம் இருக்கிறது. இந்த மாநிலத்துக்கு அனுப்பப்படும் எரித்திரியருக்கு முதல் கட்டில் அந்த ஊரில்தான் கிடைக்கிறது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறவர்கள் எங்களில் உண்டு. இந்தப் பிரகடனத்தின் முதல் கொள்கை இதுதான்: எங்கள் சங்கத்தில் அந்தக் கேள்வி கிடையாது. உதவி கேட்டு வருபவர் யாருக்கு வாக்களிப்பார், எந்தக் கொடியைப் பிடிப்பார், எந்தக் கோயிலில் அல்லது பள்ளிவாசலில் தொழுவார், எந்த இனத்தவர் என்று பார்த்து உதவி அளக்கப்படாது. எங்கள் சுவரில் இரண்டு கொடியில் எதுவும் ஏறாது. ஊர்ச்சபை கூடும் பெரிய தாஎரோ அத்தி மரம்தான் எங்கள் சின்னம். எங்கள் நாட்டின் ஐந்து நக்ஃபா பணத்தாளில் இருக்கும் அந்த மரத்துக்கு எல்லா எரித்திரியரும் சொந்தக்காரர்கள்.

பக்கம் சாராமல் இருக்கிறோம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டோம். முடிவற்ற கட்டாய சேவை நடக்கவில்லை என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டோம். விசாரணையில்லாமல் சிறையில் கிடப்பவர்களை மறந்துவிடுங்கள் என்றாலும் கேட்க மாட்டோம். நடந்ததை நடந்தது என்று சொல்வது கட்சி வேலையில் சேராது.

இனி, புதியவர்களுக்கு என்ன செய்வோம் என்பது.

வந்தவருக்கு முன்னால் நிற்கும் பெரிய காரியம் கூட்டாட்சி அகதிகள் அலுவலகத்தின் நேர்காணல். சில மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையையே சொல்லி முடிக்க வேண்டும். சொன்னது எழுத்தில் ஏறும், மொழிபெயர்ப்பாளர் திரும்ப வாசிப்பார், பிறகு கையெழுத்து. களைத்துப்போனவர்கள் அந்தத் திரும்ப வாசிப்பைக் காதில் வாங்காமலே தலையாட்டிவிடுகிறார்கள். ‘ஆறு மாதம் சிறையில் இருந்தேன்’ என்றது ‘ஆறு வாரம்’ என்று பதிவாகியிருந்தால், அதைத் திருத்த அதுதான் நல்ல தருணம். பேசுபவரின் மொழியும் பெரிய பிரச்சினை. சாஹோவோ குனாமாவோ பேசி வளர்ந்தவருக்குத் திக்ரின்யா மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தால், பாதிக் கதை அவர் தொண்டையிலேயே நின்றுவிடும். தன் மொழியில் பேச உரிமை உண்டு என்பதை, மொழிபெயர்ப்பாளர் மீது நம்பிக்கை இல்லையென்றால் அதைச் சொல்லலாம் என்பதை, நேர்காணலுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்ல எங்கள் ஆட்கள் கீஸெனுக்குப் போவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டோம். நடந்ததை நடந்த வரிசையில், பயமில்லாமல் சொல்லப் பழக உதவுவோம்.

பெயர் ஒரு தனித் தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதற்குப் பின் தந்தை பெயர், அதற்கும் பின் பாட்டன் பெயர். மனைவி கணவன் பெயரை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே தந்தை, தாய், பிள்ளை மூவரின் தாளிலும் கடைசிப் பெயர் மூன்று விதமாக நிற்கும். ஜெர்மன் அலுவலர் பார்த்தால் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர். இதோடு எழுத்துக்கூட்டும் சேரும். திக்ரின்யா எழுதப்படும் கீஸ் எழுத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் ‘தெஸ்ஃபாய்’ என்ற பெயர், ரோமன் எழுத்தில் ஒரு தாளில் ‘ஒய்’ என்றும் இன்னொரு தாளில் ‘ஐ’ என்றும் முடியும். ஊர்ப்புறத்து ஆட்கள் பிறந்த நாளைக் கீஸ் நாட்காட்டியில் சொல்வார்கள். அது இங்குள்ள நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் நிற்பது. மாற்றிக் கணக்கிடத் தெரியாதவர் எழுதிவிட்டால், ஆளுக்கு வயது கூடியோ குறைந்தோ போகும். முகாமிலிருந்து வெளியே வரும் முதல் வாரத்திலேயே ஒருவரின் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலையைச் சங்கம் செய்யும். அற்ப வேலை போலத் தெரியும். நான்கைந்து ஆண்டு கழித்து மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடும்போது அந்த ஓர் எழுத்து வழிமறித்து நிற்கும்.

பாஸ்போர்ட் விஷயத்தை எல்லோரும் அறிய வேண்டும். முழு அகதி உரிமை கிடைக்காமல் துணைநிலைப் பாதுகாப்பு மட்டும் கிடைத்தவர்களை, நாட்டுத் தூதரகத்துக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி வரச் சொல்வது அலுவலக வழக்கம். தூதரகத்திலோ ஒரு படிவம் நீட்டப்படுகிறது. தேசிய சேவையை முடிக்காமல் குற்றம் செய்ததற்கு வருந்துகிறேன், உரிய தண்டனையை ஏற்கிறேன் என்று அதில் கையெழுத்துக் கேட்கிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர், எந்த அரசுக்குப் பயந்தாரோ அதே அரசிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விருப்பமில்லாத ஒருவரை இப்படிக் கையெழுத்திடச் சொல்ல முடியாது என்று லைப்ஸிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்தது. அப்படிப்பட்டவருக்கு, வெளிநாட்டவருக்கான பயண ஆவணத்தை ஜெர்மனியே கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் அது தெரியாமல் தூதரக வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தீர்ப்பின் சாரத்தைத் திக்ரின்யா, திக்ரே, அரபு மொழிகளில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, முகாம்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் உணவகங்களிலும் வைப்போம். கையெழுத்திடுவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. தெரிந்து முடிவெடுக்க வேண்டும், அவ்வளவே.

குடும்ப இணைப்பைப் பற்றி எழுதும்போது கை கனக்கிறது. துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்களின் குடும்பங்களை வரவழைக்கும் உரிமையை 2016 மார்ச் முதல் 2018 ஜூலை வரை நிறுத்தி வைத்தார்கள். பிறகு மாதம் ஆயிரம் பேர் என்று வரம்பு போட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மறுபடி நிறுத்திவிட்டார்கள். மனைவி அடிஸ் அபாபாவில், பிள்ளை கம்பாலாவில், கணவன் ஃபிராங்க்ஃபர்ட்டில் என்று கிடக்கும் குடும்பங்கள் எங்களில் ஏராளம். 2020 நவம்பரில் திக்ராயில் போர் மூண்டபோது அங்கே எங்கள் அகதிகள் இருந்த ஹிட்சாட்ஸ், ஷிமெல்பா முகாம்கள் அழிந்தன. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியதும் கார்ட்டூமில் காத்திருந்தவர்கள் மறுபடியும் ஓடினார்கள். சட்டத்தை மாற்றும் வலிமை எங்களிடம் இல்லை. மாற்றச் சொல்லிக் கேட்கும் குரல் இருக்கிறது. மற்ற அகதிச் சமூகங்களோடு சேர்ந்து, இந்த மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் தேவாலய அமைப்புகளிடமும் அந்தக் கோரிக்கையை எடுத்துப் போவோம்.

வெளியில் பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே எழுதுகிறோம். 2019 ஜூலை 22 அன்று இதே ஹெஸ்ஸன் மாநிலத்து வெஹ்டர்ஸ்பாஹ் ஊரில் எங்கள் இளைஞர் ஒருவரை, தோல் நிறத்தைப் பார்த்து, காரிலிருந்து ஒருவன் சுட்டான். இளைஞர் உயிர் பிழைத்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 29 அன்று, ஃபிராங்க்ஃபர்ட் தலைமை ரயில் நிலையத்தில், சுவிட்சர்லாந்தில் பல ஆண்டு வாழ்ந்த ஓர் எரித்திரியர் ஒரு தாயையும் எட்டு வயதுப் பையனையும் ரயில் முன் தள்ளினார். பையன் இறந்துபோனான். செய்தவர் கடும் மனநோயாளி என்று நீதிமன்றம் கண்டு, அவரை மனநல மருத்துவமனையில் வைக்க உத்தரவிட்டது. அந்தக் குழந்தைக்காக நாங்கள் அழுதோம், இன்றும் துக்கப்படுகிறோம். முதல் வாரம் எங்களைக் குறிவைத்தார்கள், மறு வாரம் எங்கள் எல்லோரையும் குற்றவாளிகளாகப் பார்த்தார்கள் என்று புலம்பி விட்டுவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் எங்களுக்குள் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மனநோயை நாங்கள் எப்படி மறைக்கிறோம்? சினாய் பாலைவனத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் டாலர் பிணைப்பணம் கேட்டுக் கட்டிவைத்து வதைக்கப்பட்டவர்கள், லிபியாவின் பனி வாலித் ஆள்கடத்தல் கிடங்குகளில் கூடப் படுத்தவர் சாவதைப் பார்த்தவர்கள், வழியில் சீரழிக்கப்பட்ட பெண்கள், அனைவரும் எங்கள் நடுவே வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். இரவில் தூங்காதவனைப் ‘பிசாசு பிடித்தது’ என்று சொல்லிப் புனித நீர் தெளித்து வீட்டுக்கு அனுப்புவது மட்டும் போதாது. நீர் தெளிக்கும் பாதிரியாரே அவனை மருத்துவரிடமும் அழைத்துப் போகட்டும். அந்தப் பாதிரியார்களோடும் இமாம்களோடும் முதலில் பேசுவோம். எங்கள் மொழி தெரிந்த மனநல உதவியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கே சங்கத்தின் முதல் நிதி செலவாகும்.

ஜெர்மன் மொழி வகுப்பு, தொழிற்பயிற்சி, வாடகை வீடு, மருத்துவக் காப்பீடு, இவற்றுக்கெல்லாம் இங்கே நல்ல அமைப்புகள் ஏற்கெனவே உண்டு. அவர்கள் செய்வதை நாங்கள் திரும்பச் செய்யப் போவதில்லை. அங்கே கூட்டிப் போவோம், ஃபார்ம் நிரப்ப உட்காருவோம், முதல் மூன்று மாதம் ஒரு தொலைபேசி எண் கையில் இருக்கும். இறப்பு நேர்ந்தால், உடலை ஊருக்கு அனுப்பவோ இங்கே அடக்கம் செய்யவோ ஆகும் செலவுக்கு ஒரு பொது நிதி இருக்கும். தனியாளாக வந்து தனியாளாக இறப்பவருக்கும் துக்க வீடு கூடும்.

இவ்வளவும் புதியவருக்கு நாங்கள் தருவது. புதியவர் எங்களுக்குத் தருவது என்ன என்பதில்தான் இந்தச் சங்கத்தின் அடிப்படை எண்ணமே இருக்கிறது.

எண்பதுகளில் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஜெர்மனைத் தாய்மொழி போலப் பேசுகிறார்கள். வழக்கறிஞர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாட்டி அஸ்மராவிலிருந்து தொலைபேசியில் பேசினால் ‘நலமா, நலம்’ என்பதற்கு மேல் அவர்களுக்கு வாய் வராது. கெரென் சந்தையிலிருந்தோ தெபரூவா வயலிலிருந்தோ நேற்று வந்த இளைஞனுக்கோ ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. மொழியோ அவன் நாக்கில் அப்படியே உயிரோடு இருக்கிறது, பழமொழியும் வசையும் தாலாட்டுமாக. எனவே கொடுப்பதும் வாங்குவதும் ஒன்றாக நடக்கும். சனிக்கிழமை அந்த இளைஞன் பிள்ளைகளுக்குத் தன் மொழி சொல்லிக்கொடுப்பான். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளின் அக்கா அவனோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போவாள். தலைகுனிந்து உதவி வாங்க வேண்டிய நிலை அவனுக்கு வராது. பண்பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விழா நாளில் திறக்கும் வேலையும் எங்களுக்கு வேண்டாம்.

‘எங்கள் மொழி’ என்று ஒருமையில் எழுத முடியாது. திக்ரின்யா, திக்ரே, சாஹோ, அஃபார், பிலேன், ஹெதாரப் மக்களின் பெஜா, குனாமா, நாரா, ரஷைதா மக்களின் அரபு என்று ஒன்பது மக்களின் ஒன்பது மொழிகள். புலம்பெயர்ந்த இடத்தில் எரித்திரியர் என்றாலே திக்ரின்யா பேசும் மேட்டுநிலத்துக் கிறிஸ்தவர் என்று ஆகிவிடுகிறது. அதை நாங்கள் தொடர மாட்டோம். நாரா பேசும் குழந்தை ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ஒரு குழந்தைக்கு வகுப்பு உண்டு. 2000 ஜனவரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர்களும் அறிஞர்களும் எங்கள் தலைநகரில் கூடி, ஆப்பிரிக்க மொழிகள் தம் கண்டத்துக்காகத் தாமே பேச வேண்டும் என்ற கருத்தில் அஸ்மரா பிரகடனம் வெளியிட்டார்கள். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பிரகடனத்துக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். எல்லைக்கு அப்பால் திக்ராயிலும் திக்ரின்யா பேசுகிறார்கள். 2020 முதல் 2022 வரை நடந்த போரில் எரித்திரியப் படைகள் அங்கே போய்ச் செய்தவற்றால் அந்த மக்கள் எங்களைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வது எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் வகுப்பறை திறந்திருக்கும்.

எங்களைப் போலவே எண்பதுகளில் போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர்கள், ஊர் ஊராக வார இறுதிப் பள்ளி நடத்தித் தங்கள் பிள்ளைகளைத் தமிழ் எழுதவும் படிக்கவும் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பாடத்திட்டம் வகுப்பது முதல் தேர்வு வைப்பது வரை கேட்டுக்கொள்ளப் போகிறோம். அவர்கள் உயிர்மெய் வரிசை சொல்லிக்கொடுக்கும் முறை எங்களுக்கு அந்நியமாக இருக்காது. கீஸ் எழுத்திலும் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு உயிர் வடிவம் உண்டு. ஹ, ஹு, ஹி, ஹா, ஹே, ஹ், ஹோ என்று பாடிப் பாடித்தான் எங்கள் பாட்டன்மாரும் கற்றார்கள்.

கூட்டம் நடத்தும் முறையிலும் எங்கள் வழக்கம்தான். எங்கள் ஊர்களில் பைத்தோ என்ற ஊர்ச்சபை உண்டு. எல்லோரும் பேசி முடிக்கும்வரை முடிவு எடுப்பதில்லை. வழிவழியாக அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். விடுதலைப் போராளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். போர்க்களத்தில் இருந்த இடம் சபையில் இல்லாமல் போகக் கூடாது. எங்கள் நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள். பேச்சு முற்றும் ஒவ்வொரு கூட்டத்திலும் பூன் என்ற காப்பிச் சடங்கு நடக்கும். பச்சைக் காப்பிக்கொட்டையை வாணலியில் வறுத்து, புகை எழும் வாணலியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய்க் காட்டி, இடித்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஜெபெனா என்ற மண் குடுவையில் பொங்கவிட்டு, சிறிய கிண்ணங்களில் ஊற்றுவோம். முதல் சுற்று அவெல், இரண்டாவது கலஇ, மூன்றாவது பெரகா. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்து போவது மரியாதையில்லை. அதனால் இப்படி விதி வைக்கிறோம்: கருத்து முரண்பட்ட எந்த விஷயத்திலும் மூன்றாம் சுற்று முடிவதற்கு முன் வாக்கெடுப்பு கிடையாது. கொட்டை வறுப்பதும் கிண்ணம் கழுவுவதும் ஆண்களின் முறையும்கூட.

மூத்தவர்களின் நினைவுகள் மறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நல்லடக்கத்துக்குப் போய் வருகிறோம், ஒவ்வொருவரோடும் ஒரு போர்க்காலம் மண்ணுக்குள் போகிறது. அலமாரிகளில் பொலோஞ்ஞா விழாவின் கேசட்டுகள் இருக்கின்றன, கார்ட்டூமிலிருந்து வந்த கடிதங்கள் இருக்கின்றன, க்ரார் யாழ் இசைத்துப் பாடிய பாடகி த்ஸெஹாயிது பெராகியின் பழைய பதிவுகள் இருக்கின்றன. அவற்றைத் திரட்டிக் கணினியில் ஏற்றுவோம். மூத்தவர்களை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்வோம். இந்த வேலையை இளையவர்களிடமே ஒப்படைக்கிறோம். அதோடு இளையவர்களின் கதையையும் மூத்தவர்கள் பதிவு செய்ய வேண்டும். சாவாவின் பயிற்சி மைதானத்தையும், 2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்பெடூசா தீவின் கரையருகே கவிழ்ந்து 368 பேரைக் கொண்டுபோன படகையும் பற்றி ஒரு பழைய போராளி எதிரே உட்கார்ந்து, குறுக்கிடாமல் கேட்க வேண்டும். ஒருவர் கதையை மற்றவர் கையால் எழுதுவதே எங்களுக்குத் தெரிந்த சமாதான வழி.

திக்ரின்யாவின் முதல் நாவலை கெப்ரெயெசுஸ் ஹைலு 1927இல் எழுதினார். இத்தாலியருக்காக லிபியப் பாலைவனத்தில் போரிட அனுப்பப்பட்ட எரித்திரியச் சிப்பாய்களின் கதை அது. தாகத்தில் சாகும் எங்கள் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அதே பாலைவனத்தில் அதே தாகத்தோடு நடந்து வந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். எங்கள் வாசகர் வட்டம் அந்த நூலோடு தொடங்கும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவோம்.

திருநாள்கள் எல்லோருடையவை. செப்டம்பரில் புத்தாண்டும் மெஸ்கெல் என்னும் சிலுவைத் திருநாளும், ஜனவரியில் லிதெட் என்னும் கிறிஸ்து பிறப்பும் திம்கெட் என்னும் திருமுழுக்கு விழாவும், இரண்டு ஈதும் ஒரே நாட்காட்டியில் அச்சாகும். ஊரில் அனுமதிக்கப்படாத பெந்தெகொஸ்தேயினரும் யெகோவா சாட்சிகளும் எங்கள் மண்டபத்தில் மற்றவர்களைப் போலவே உட்காருவார்கள். லம்பெடூசா நாளான அக்டோபர் 3 எங்கள் பொது நினைவு நாள்.

பணம் குறித்துத் தெளிவாக எழுதிவைக்கிறோம். எந்த அரசிடமிருந்தும் தூதரகத்திடமிருந்தும், நாடுகடந்த எந்த அரசியல் கட்சியிடமிருந்தும் சங்கம் பணம் பெறாது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, இந்த நகரமும் மாநிலமும் தரும் பொது மானியம், இவை மட்டுமே. வெளிநாடு வாழ் எரித்திரியர் மீது தொண்ணூறுகளிலிருந்து விதிக்கப்படும் இரண்டு சதவீத வரியை மிரட்டலும் மோசடியும் கொண்டு வசூலிப்பதை நிறுத்த வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2011 டிசம்பரில் 2023ஆம் எண் தீர்மானத்தில் சொன்னது. அந்த வரியைக் கட்டுகிறீர்களா என்று நாங்கள் யாரையும் கேட்க மாட்டோம். எங்கள் மண்டபத்தில் யாரும் அதைத் தண்டவும் விட மாட்டோம். உறுப்பினர் பட்டியல் வெளியே போகாது. ஊரில் தாய் தந்தை இருப்பவர்கள் நாங்கள். யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்ற செய்திக்கு அங்கே என்ன விலை என்பது எங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் படமெடுக்க வேண்டுமானால் அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும்.

இந்த நாட்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதற்கு மேற்பட்டவர்கள் இன்று கூடியிருக்கிறோம். இந்தப் பிரகடனம் திக்ரின்யா, திக்ரே, அரபு, ஜெர்மன் மொழிகளில் மேசையில் இருக்கிறது. மற்ற மொழிகளில் வாய்மொழியாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் பெயரைப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுக்கலாம். கைரேகை யாரிடமும் கேட்க மாட்டோம். ஒவ்வோர் எல்லையிலும் ரேகை கொடுத்து வந்தவர்களிடம் இங்கேயும் அதைக் கேட்பது சரியில்லை. கீஸெனுக்கு வாரம் இரண்டு நாள் போவோருக்கான பட்டியல் இந்தத் தாளின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. கையெழுத்திட்டவர்கள் தங்களுக்குத் தோதான நாளையும் பேசத் தெரிந்த மொழிகளையும் அதில் குறித்துவிட்டுப் போகவும்.